பாங்கி மூழ்கினால் பணம் என்ன ஆகும்?

பிளவக்கல் அணைத் தண்ணீரில் விளைந்த நெல்லை விற்று, பணத்தைப் பாங்கியில் போட்டு வைக்கிறார்கள், வத்திராயிருப்பு விவசாயிகள். மகள் கல்யாணத்துக்கு ஆகும், மோட்டார் வாங்க ஆகும் என்று கணக்கு.

அந்தப் பாங்கியே மூழ்கிவிட்டால்?

"அப்படியும் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது!

சிறைக்குப் போன துரை

1906-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி. சென்னையில் "அர்பத்நாட்" கம்பெனி கதவை மூடியது. வெள்ளைக்காரர் கம்பெனி. "துரை பாங்கி, அசையாது" என்று நம்பிப் பணம் போட்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். விதவைகள், பென்ஷன்காரர்கள், கோவில்கள்கூட!

லண்டன் கூட்டாளி மக்பேடியன் இரண்டு நாளைக்கு முன்பே ரெயில் முன் விழுந்து உயிரை விட்டார். சென்னையில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்தது. 18 மாதம் கடுங்காவல். துரை சிறைக்குப் போனார். ஆனால் போட்ட பணம் முழுவதும் திரும்பவில்லை.

பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி.கிருஷ்ணசாமி அய்யர், "நமக்கென்று ஒரு பாங்கி வேண்டும்" என்று கிளம்பினார். 1907-ல் பிறந்தது இந்தியன் பாங்கி.

சட்டம் வந்தது

1960-ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கி மூடப்பட்டது. அதன் பிறகுதான் சர்க்கார் விழித்துக்கொண்டது. 1961-ல் சட்டம்; 1962 ஜனவரி 1 முதல் டெப்பாசிட்டுக்கு இன்சூரன்ஸ். அன்று ஒருவருக்கு ரூ.1,500. 2020 முதல் ரூ.5 லட்சம். அசலும் வட்டியும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. இதற்கான பிரீமியத்தைப் பாங்கியே கட்டுகிறது. பணம் போட்டவர் ஒரு காசும் கட்ட வேண்டாம்.

பாங்கியில் பணம் எடுக்க ரிசர்வ் பாங்கி தடை போட்டால், 90 நாளில் இன்சூரன்ஸ் பணம் கிடைக்க வேண்டும் என்று 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. வத்திராயிருப்பு கிளையில் 4 லட்சம், ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் 3 லட்சம் என்று ஒரே பாங்கியில் போட்டால், இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். 7 லட்சத்துக்கு 5 லட்சமே காப்பு. வேறு வேறு பாங்கி என்றால் முழுத் தொகைக்கும் காப்பு உண்டு.

காப்பு இல்லாத பணம்

கூட்டுறவு பாங்கிக்கும் இந்த இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இல்லை. ஏலச்சீட்டு, நகைக்கடைச் சீட்டு, பைனான்ஸ் கம்பெனி டெப்பாசிட் எதற்கும் இல்லை. இரண்டு வட்டி கூடத் தருகிறார்களே என்று கல்யாணப் பணத்தை அங்கே போடுகிறவர்களுக்கு, கம்பெனி மூழ்கினால் இந்தச் சட்டத்தில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.