மூன்று மாத அரசனும் அவன் தாயும்

வேதாகமத்தில் யூதாவின் அரசர் வரிசையைப் படிப்பவர்கள் யோயாக்கீன் என்ற பெயரை விரைவாகக் கடந்து போய்விடுவார்கள். அவன் ஆண்டது மூன்று மாதங்கள்தான். கைதியாக இருந்ததோ 37 ஆண்டுகள்.

அவன் தந்தை யோயாக்கீம், பாபிலோனுக்கு மூன்று ஆண்டுகள் அடங்கியிருந்து பின்னர் கலகம் செய்தவன். எருசலேம் முற்றுகையிடப்பட்டபோது அவன் உயிரோடு இல்லை. தந்தை தேடிய சண்டை 18 வயது மகனின் தலையில் விழுந்தது. கி.மு. 597இல் யோயாக்கீன் நேபுகாத்நேச்சாரிடம் சரணடைந்தான். அவனோடு நகரை விட்டு வெளியே வந்தவர்களில் முதலாவதாகச் சொல்லப்படுபவள் தாய் நெகுஸ்தாள்.

அவன் பொல்லாப்பானதைச் செய்தான் என்று இராஜாக்கள் புத்தகம் கூறுகிறது. மூன்று மாதங்களில், அதுவும் முற்றுகைக்குள், எவ்வளவு செய்திருப்பான் என்று கேட்கத் தோன்றுகிறது. அவனுக்குப் பின் அரசனான சிறிய தந்தை சிதேக்கியா மீண்டும் எதிர்த்தான். 11 ஆண்டுகளின் பின் நகரமும் ஆலயமும் எரிந்தன. சிதேக்கியாவின் பிள்ளைகள் அவன் கண்முன்னே கொல்லப்பட்டார்கள். பிறகு அவன் கண்கள் பிடுங்கப்பட்டன. சரணடைந்தவனைக் கோழை என்பவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

யோயாக்கீனோடு தாய், மனைவிமார், அதிகாரிகள், தச்சர், கொல்லர் என்று பெருந்தொகையானோர் கொண்டுபோகப்பட்டார்கள். ஊரில் விடப்பட்டவர்கள் ஏழைகள்.

பாபிலோன் அரண்மனை இடிபாடுகளில் ஜெர்மானியர் தோண்டியெடுத்த களிமண் பலகைகள் சிலவற்றை, வைட்னர் என்ற அறிஞர் 1939இல் வெளியிட்டார். அவை நிவாரணப் பங்கீட்டுக் கணக்குகள். யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கு இவ்வளவு எண்ணெய், அவனுடைய ஐந்து ஆண்மக்களுக்கு இரண்டரைப் படி என்று எழுதியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு அரைப்படி! ஒரு பலகையின் காலம் கி.மு. 592. அப்போது அவனுக்கு ஏறத்தாழ 23 வயது. பிடித்து வைத்தவர்களின் ஏட்டிலும் அவன் அரசன் என்றே பதியப்பட்டிருக்கிறான்.

தாயும் மகனும் அந்நிய தேசத்திலேயே மரிப்பார்கள் என்று எரேமியா தீர்க்கதரிசி முன்பே சொல்லியிருந்தார். நெகுஸ்தாளின் கடைசி நாட்களைப் பற்றி வேதாகமத்தில் ஒரு வரியும் இல்லை.

கி.மு. 561இல் ஏவில்மெரொதாக் என்ற புதிய பாபிலோன் அரசன் யோயாக்கீனைச் சிறையிலிருந்து விடுவித்தான். 55 வயதளவில் சிறை உடுப்பை மாற்றிக்கொண்டு அரச பந்தியில் அமர்ந்தான். சாகும்வரை அவனுக்கு நாளாந்தம் படி அளக்கப்பட்டது. ஊர் திரும்ப விடவில்லை.

பின்னர் பாரசீகர் ஆட்சியில் திரும்பிவந்த மக்களுக்குத் தலைமை தாங்கி, இடிந்த ஆலயத்துக்கு அத்திவாரம் போட்டவன் செருபாபேல். அவன் யோயாக்கீனின் பேரன், நெகுஸ்தாளின் பூட்டப்பிள்ளை.