கிளட்ச் எப்போது தேய்கிறது?

தொப்பூர் கணவாயில் வண்டிகள் தேங்கிவிட்டால், தருமபுரி பக்கம் ஏறும் லோடு லாரிகள் பத்தடி நகர்ந்து நிற்கும். மறுபடி பத்தடி நகரும். கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு வண்டியின் அடியிலிருந்து கருகல் நாற்றம் வரும். கிளட்ச் பிளேட் எரிகிறது என்று பின்னால் நிற்கும் டிரைவருக்கும் தெரிந்துவிடும்.

இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே இருப்பது கிளட்ச் பிளேட். இருபுறமும் உராய்வுப் பட்டை பதித்த வட்டத் தகடு. கனரக லாரிகளில் 380 மில்லிமீட்டர் விட்டம் சாதாரணம். பெடலை மிதித்தால் இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி; விட்டால் ஸ்பிரிங் விசை பிளேட்டை ஃப்ளைவீலோடு இறுக்கிவிடும். நன்றாகப் பிடித்த பிளேட் தேயாது, முழுக்க விலகிய பிளேட்டும் தேயாது. பாதிப் பிடியில் வழுக்கும் நொடிகளில்தான் தேய்மானம்.

வழுக்கல் அதிகம் நடப்பது வண்டியைக் கிளப்பும்போது. சமதளத்தில், இன்ஜின் வேகம் மாறாமல் இருந்தால், கிளட்ச் பிடித்து முடிவதற்குள் வண்டி பெறும் இயக்க ஆற்றல் எவ்வளவோ அவ்வளவு வெப்பம் பிளேட்டில் உண்டாகும். மொத்த எடை 28.5 டன் உள்ள பத்து சக்கர லாரியை எடுத்துக்கொள்வோம். ஃபர்ஸ்ட் கியரில் மணிக்கு 5 கிலோமீட்டரில் கிளட்ச் பிடித்தால் வெப்பம் சுமார் 27 கிலோஜூல். செகண்டில் எடுத்து 10 கிலோமீட்டரில் பிடித்தால் சுமார் 110. வேகம் இரண்டு மடங்கு, வெப்பம் நான்கு மடங்கு! ஏற்றத்தில் இன்னும் கூடும். லோடு வண்டியை ஃபர்ஸ்டில்தான் எடுக்க வேண்டும் என்று மூத்த டிரைவர்கள் கண்டிப்பாகச் சொல்வதன் கணக்கு இதுதான்.

ஓடும்போது கியர் இறக்குவதிலும் நுட்பம் உண்டு. சிங்க்ரோமெஷ் இல்லாத பழைய வண்டிகளில் 'டபுள் கிளட்ச்' அடிப்பார்கள்: மிதித்து நியூட்ரலுக்கு வந்து, பெடலை விட்டு, ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துக் கீழ்க் கியரைப் போடுவது. பல்சக்கரங்களின் வேகத்தை இணக்கும் அந்த வேலையை இன்று சிங்க்ரோ வளையங்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் அவை இன்ஜினின் வேகத்தை உயர்த்துவதில்லை. ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் பெடலை விட்டால், இன்ஜினை இழுத்துச் சுழற்றும் பாரம் கிளட்ச் பிளேட்டின் மேல் விழும்.

ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைக்காமல் ஹேண்ட்பிரேக் போடுவது நல்லது. ஓடும்போது பெடல்மேல் காலை ஊன்றினால் ரிலீஸ் பேரிங்கும் சேர்ந்து தேயும்.

பிளேட் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். வண்டி நிற்கும் நாளெல்லாம் வாடகை நஷ்டம். கிளட்ச்சின் ஆயுளைக் கிலோமீட்டரால் மட்டும் அளக்கும் லாரி உரிமையாளர்கள், வண்டி எந்தக் கியரில், எவ்வளவு லோடோடு, எத்தனை தடவை கிளம்புகிறது என்பதையும் கேட்க வேண்டும்.