ஜன்னலில் தொலைந்த தென்னை
விலை குறைந்த கேமராவில் சினிமா எடுக்க முடியுமா?

2014, சித்திரை மாதம். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு. சமையற்கட்டு ஜன்னலோரம் ஓர் அம்மா நிற்கிறார். கணவர் நட்டுவிட்டுப் போன தென்னை கொல்லையில் குலை தள்ளியிருக்கிறது. அதை அவர் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அடுப்பை அணைக்க வேண்டும். எங்கள் பத்து நிமிடக் குறும்படத்தின் கடைசி ஷாட் அது. கையில் இருந்தது இரவல் வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமரா. அதன் பின்பக்கச் சின்னத் திரையில் அம்மாவின் முகம் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. பகல் பதினொன்றரை மணிக்கு “டேக் ஓகே” சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனோம்.

இரண்டு வாரம் கழித்து எடிட்டிங் அறையில் பெரிய மானிட்டரில் போட்டுப் பார்த்தால் முகம் இருக்கிறது, தென்னையைக் காணோம். ஜன்னல் சட்டத்துக்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரே வெள்ளை. கலரிஸ்ட் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தார். வெள்ளை சாம்பலாக மாறியது, அவ்வளவுதான். “சார், இதுல ஒண்ணுமே பதிவாகலை. இல்லாததை நான் எங்கேர்ந்து கொண்டு வர்றது?” என்றார்.

விலை குறைந்த கேமரா சினிமா கேமராவுக்கு ஈடாகுமா என்று இளைஞர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தென்னைதான் ஞாபகம் வரும்.

நிலா வெளிச்சத்தில் ஒரு படப்பிடிப்பு

இந்தக் கேள்விக்கு ஹாலிவுட்டே ஒரு பதில் தந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் வெளியான ‘தி கிரியேட்டர்’ சுமார் 8 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட அறிவியல் புனைகதைப் படம். இயக்குநர் கேரத் எட்வர்ட்ஸ், ‘காட்ஜில்லா’, ‘ரோக் ஒன்’ என்ற இரண்டு பெரிய படங்களை முடித்தவர். எந்தக் கேமராவைக் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். அவர் எடுத்தது சோனி எஃப்எக்ஸ்3. 2021-இல் சந்தைக்கு வந்தபோது அதன் விலை சுமார் 3,900 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் மூன்று லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. நம் ஊர் கல்யாண மண்டபங்களில் தாலி கட்டும் நேரத்தில் மேடையைச் சுற்றி ஓடும் வீடியோகிராபர்களின் கையில் பார்க்கிறோமே, அந்த ரகம்.

காசை மிச்சம் பிடிப்பது மட்டுமே அவர் நோக்கமாக இருக்கவில்லை. தாய்லாந்து, நேபாளம், இந்தோனேசியா என்று ஆசியா முழுக்கச் சிறிய குழுவோடு போய், உண்மையான இடங்களில் எடுக்க விரும்பினார். அந்தக் கேமராவின் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் திறனை, 12,800-இல் வைத்தாலும் படத்தில் நாய்ஸ் என்ற புள்ளிகள் பெரிதாக ஏறாது. அதனால் நிலா வெளிச்சத்திலேயே எடுக்கக்கூடிய ஷாட்டுகளும் இருந்தன. வழக்கமாக ஒரு கோணத்திலிருந்து இன்னொரு கோணத்துக்குத் திரும்பினால் லைட்டையெல்லாம் பிரித்து மறுபடி வைக்க வேண்டும். இவர்களோ எல்இடி விளக்கை நீளமான கம்பில் கட்டி ஒருவர் கையில் கொடுத்தார்கள். நடிகர் நடக்க, விளக்கும் கூடவே நடந்தது.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான். அந்தச் சின்னக் கேமராவின் முன்னால் கோவா நிறுவனத்தின் பழைய அனமார்ஃபிக் லென்ஸ் இருந்தது. பின்னால், ரா ஃபைலாகப் பதிவு செய்ய வெளி ரெக்கார்டர் இருந்தது. ஒளிப்பதிவைத் திட்டமிட்டவர்களில் ஒருவர் ‘டூன்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய கிரெய்க் ஃப்ரேசர். படப்பிடிப்புத் தளத்தில் சுமையைத் தாங்கியவர் ஓரன் சோஃபர். கிராஃபிக்ஸ் வேலைக்குத் தலைமை தாங்கியது இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம். அந்தப் படத்தில் கேமரா ஒன்றுதான் மலிவு. அதைச் சுற்றியிருந்த திறமை மலிவானது அல்ல.

தென்னை எங்கே போனது?

சமையற்கட்டின் இருட்டுக்கும் கொல்லையின் உச்சி வெயிலுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது. நம் கண் இரண்டையும் சமாளித்துவிடும். கேமராவின் சென்சாருக்கு அது கடினம். எவ்வளவு இருட்டிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வரை ஒரே ஃப்ரேமில் பிடிக்க முடியும் என்பதைத்தான் டைனமிக் ரேஞ்ச் என்கிறோம். அதன் அளவு ஸ்டாப். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஜெர்மனியின் ஆரி நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த அலெக்ஸா ஏறத்தாழ 14 ஸ்டாப் தாங்கியது. 2022-இல் வந்த அலெக்ஸா 35-க்கு அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு 17 ஸ்டாப். மூன்றுதானே கூடியிருக்கிறது என்று நினைக்கக் கூடாது. மூன்று ஸ்டாப் என்றால் எட்டு மடங்கு.

இன்னொரு வித்தியாசம் வண்ணத்தில். என்னிடம் இருந்தது 8 பிட் கேமரா. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 256 படிகள். 10 பிட் என்றால் 1,024 படிகள். 12 பிட் என்றால் 4,096. அந்தி வானத்தைப் படமெடுத்து, டிஐ என்ற வண்ணத் திருத்தத்தில் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். 8 பிட்டில் ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு மாறும் இடம் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். 12 பிட்டில் வானம் வானமாகவே இருக்கும்.

மூன்றாவது, ரோலிங் ஷட்டர். பல மலிவான கேமராக்களின் சென்சார் ஒரு ஃப்ரேமை மேலிருந்து கீழாக வரிவரியாக நிதானமாகப் படிக்கிறது. ஓடும் ரயிலிலிருந்து எடுத்தால் தந்திக் கம்பங்கள் சாய்ந்து நிற்கும். விலை உயர்ந்த கேமரா அதே வேலையை மிக வேகமாக முடிப்பதால் கம்பம் நேராக நிற்கிறது.

இந்த மூன்றிலும் கடந்த பத்தாண்டுகளில் இடைவெளி வேகமாகச் சுருங்கியிருக்கிறது. முன்பு பல லட்சம் கொடுத்தால்தான் கிடைத்த 10 பிட்டும், இருட்டு வெளிச்ச விவரங்களை முடிந்தவரை காப்பாற்றும் லாக் பதிவும் இன்று ஒரு லட்ச ரூபாய் அளவிலான கேமராக்களிலேயே கிடைக்கின்றன. 2013-இல் பிளாக்மேஜிக் நிறுவனம் 995 டாலருக்குப் பாக்கெட் சினிமா கேமராவைக் கொண்டுவந்தபோதே கதவு திறந்துவிட்டது.

பெயர் மறைத்து ஒரு பரீட்சை

2012-இல் அமெரிக்காவின் சக்கூட்டோ நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. ஒரே அறை, ஒரே காட்சி, ஒன்பது கேமராக்கள். ஒரு முனையில் ஐபோன் 4எஸ், மறுமுனையில் சோனி எஃப்65. எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். பானாசோனிக் ஜிஎச்2 என்ற சின்ன ஸ்டில் கேமராவின் படத்தைப் பலர் விரும்பினார்கள். அவர்களில் ஒருவர் ‘காட்ஃபாதர்’ எடுத்த ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா.

இந்தச் செய்தியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். சோதனையின் ஒரு கட்டத்தில் ஒவ்வொரு ஒளிப்பதிவாளரும் தன் கேமராவுக்கு ஏற்ப லைட்டிங்கை மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தார்கள். அதாவது, எந்த இடத்தில் தன் கேமரா தோற்கும் என்று தெரிந்தவர் அந்த இடத்தை முன்கூட்டியே சரிசெய்துகொண்டார். இருட்டு மூலைக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தார், பிரகாசமான ஜன்னலைக் கொஞ்சம் அடக்கினார்.

நான் சொல்ல வருவதும் இதைத்தான். திரையில் கடைசியாகத் தெரியும் படத்தில் விலை குறைந்த கேமரா ஈடுகொடுக்கும். ஆனால் அது தப்பைத் தாங்காது. விலை உயர்ந்த கேமராவில் நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, நாம் செய்யும் பிழையை அது பொறுத்துக்கொள்வதற்கான விலை. அந்தப் பணம் நம்மிடம் இல்லையென்றால், அதே விலையை யோசனையாகவும் உழைப்பாகவும் காத்திருப்பாகவும் கொடுக்க வேண்டும்.

பெரிய படங்கள் ஏன் இன்னும் விலை உயர்ந்த கேமராவை வாடகைக்கு எடுக்கின்றன?

நூறு பேர் நிற்கும் படப்பிடிப்புத் தளத்தை நினைத்துப் பாருங்கள். கதாநாயகனின் கால்ஷீட் மாலையோடு முடிகிறது. ஜெனரேட்டர் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் சித்திரை வெயிலில் சூடேறி, கேமரா தானாக அணைந்துவிட்டால்? ஸ்டில் கேமராக்களில் இது நடக்கிற விஷயம். சினிமா கேமராவோ நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. டைம்கோடு ஒலிப்பதிவோடு பிசகாமல் ஒத்துப்போகும். ஃபோகஸைக் கவனிக்கும் ஃபோகஸ் புல்லர், இயக்குநர், ஒளிப்பதிவாளர் என்று மூவருக்கும் தனித்தனி மானிட்டருக்குப் படம் போகும். வெயிலைக் குறைக்கும் என்டி ஃபில்டர் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், பட்டனை அழுத்தினால் போதும். எஃப்எக்ஸ்3-இல் அந்த வசதி இல்லை. லென்ஸுக்கு முன்னால் ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்ற வேண்டும்.

ஒரு ஃபில்டர் மாற்ற இரண்டு நிமிடம். ஒரு நாளில் நாற்பது ஷாட் என்றால் எண்பது நிமிடம். பத்துப் பேர் குழுவுக்கு அது பெரிதில்லை. நூறு பேருக்குப் பேட்டா கொடுக்கும் தயாரிப்பாளருக்கு அதுவே பெரிய நஷ்டம். ஆக, எந்தக் கேமரா என்பதைப் படத்தின் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. யூனிட்டின் அளவும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

கதைக்கு ஏற்ற கேமரா

2002-இல் வெளியான ‘28 டேஸ் லேட்டர்’ படத்தை டேனி பாயில் எடுத்தது கேனன் எக்ஸ்எல்1 என்ற மினிடிவி (MiniDV) கேமராவில். மனித நடமாட்டமே இல்லாத லண்டன் தெருக்கள் அவருக்குத் தேவை. விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் போக்குவரத்தை நிறுத்த முடியும். சின்னக் கேமராக்கள் என்பதால் பல இடங்களில் ஒரே நேரத்தில் வைத்துச் சட்டென்று எடுத்து முடித்தார்கள். சொரசொரப்பான அந்தப் படமே அழிந்துபோன ஊரின் முகமாக அமைந்தது. கதையில் நம்பிக்கை திரும்பும் கடைசிப் பகுதியை மட்டும் 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தார்.

ஷான் பேக்கர் 2015-இல் வெளியான ‘டேஞ்சரின்’ படத்தை ஐபோன் 5எஸ்-ஸில் எடுத்தார். அடுத்த ‘தி ஃப்ளோரிடா ப்ராஜெக்ட்’ படத்துக்கு 35 எம்எம் ஃபிலிமுக்குப் போனார். ஆனால் அதன் கடைசிக் காட்சிக்கு மறுபடி ஐபோன். டிஸ்னி வேர்ல்டுக்குள் பெரிய கேமராவைக் கொண்டுபோய் எடுக்க வழியில்லை. ஆஸ்கர் வென்ற ‘அனோரா’வும் ஃபிலிமில் எடுத்ததுதான். ஃபோனில் எடுத்தபோதும் ஃபிலிமில் எடுத்தபோதும் அவர் பார்த்தது ஒன்றைத்தான்: இந்தக் காட்சிக்கு எது தேவை?

நம் ஊரிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. பி.சி.ஸ்ரீராம் 2004-இலேயே ‘வானம் வசப்படும்’ படத்தை டிஜிட்டலில் எடுத்தார். 2012-இல் பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ படத்தை விஜய் மில்டன் கேனன் ஸ்டில் கேமராவில் ஒளிப்பதிவு செய்தார். தள்ளுவண்டிக் கடையில் வேலை பார்க்கும் பையனின் கதை அது. அதற்கு அந்தக் கேமரா பொருந்தியது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. அதே காலத்தில் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்த கார்த்திக் சுப்பராஜும் நலன் குமரசாமியும் பாலாஜி மோகனும் வெள்ளித்திரைக்கு வந்துவிட்டார்கள். 400 அடி ஃபிலிம் சுருள் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துபோன காலத்தில் இவர்களைப் போன்றவர்கள் ஒரு ஷாட்டைப் பழகிப் பார்ப்பதற்கே யாருடைய காசையாவது நம்பியிருக்க வேண்டும்.

மிச்சமான பணம் எங்கே போக வேண்டும்?

கேமராவில் மிச்சமாகும் பணத்தை முதலில் ஒலிக்குக் கொடுங்கள். கொஞ்சம் மங்கலான படத்தை ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். ‘டேஞ்சரின்’ குழுகூடப் படத்தைத்தான் ஃபோனில் எடுத்தது. ஒலியைத் தனியாக, முறையான கருவிகளில் பதிவு செய்தது. அடுத்து இரண்டு நல்ல லைட், ஒரு டிஃப்யூஷன் துணி, தெர்மகோல். அதற்கடுத்து நல்ல லென்ஸை வாடகைக்கு எடுங்கள். கடைசியாக, ஒரு நாள் கூடுதல் படப்பிடிப்புக்குப் பணத்தை ஒதுக்கி வையுங்கள். அந்த ஒரு நாளின் அருமை எனக்குத் தெரியும்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர், நல்ல கேமரா வாங்கியதும் படம் எடுக்கப் போவதாகச் சொல்கிறார்கள். மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அதற்குள் அவர்கள் கதையில் வரும் தாத்தா இறந்துபோகிறார், தெரு மாறிவிடுகிறது. அதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அந்தக் குறும்படத்தை நாங்கள் அப்படியே விட்டுவிடவில்லை. ஆளுக்கு முந்நூறு ரூபாய் போட்டு மறுபடி பேருந்து ஏறினோம். புதுக் கேமரா வாங்கப் பணமில்லை. அதே இரவல் கேமராதான். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, இன்னொரு முறை நிற்கச் சொன்னோம். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் தெர்மகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, காலையிலிருந்து திண்ணையில் உட்கார்ந்து வெயில் இறங்கட்டும் என்று காத்திருந்தோம். மாலை ஆறேகாலுக்குக் கொல்லை வெளிச்சமும் அடுப்படி வெளிச்சமும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. இருபது நிமிடம் அப்படியே நின்றன. அதற்குள் மூன்று டேக்.

மூன்றாவது டேக்கில், அம்மா அடுப்பை அணைக்கத் திரும்பும் நேரம், ஜன்னலுக்கு வெளியே காற்றில் ஒரு மட்டை அசைகிறது. கலரிஸ்ட் அந்த ஷாட்டில் எதையும் தொடவில்லை.