புதுவை ஊசலும் எதிர்ப்பொருளின் எடையும்

வெள்ளிக் கிரகம் சூரிய பிம்பத்தைக் கடந்து செல்வதைக் காண்பதற்கென்றே 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, ஆங்கிலேயர் தகர்த்த கோட்டையின் இடிபாடுகளின்மீது வான ஆராய்ச்சிக் கூடம் ஒன்றை எழுப்பிக்கொண்டு, 1769 ஜூன் 4 விடியற்காலையில் மேகத்தையன்றி வேறெதையும் காணக் கொடுத்துவைக்காத பிரெஞ்சு வானசாஸ்திரி லெ ஜாந்தியின் கதை புதுவையில் பலர் அறிந்ததே. இதே ஊரில் அவர் ஊசல் ஒன்றை ஆடவிட்டுப் பூமியின் ஆகர்ஷணத்தையும் அளந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

விநாடிக்கு ஒரு வீச்சு வீதம் ஆடும் ஊசல், பாரிஸில் உள்ளதைவிடப் புதுவையில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாக வேண்டும். பாரிஸில் சரிபார்த்த கடிகாரத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டினால், பூமத்திய ரேகைப் பக்கம் ஆகர்ஷணம் குறைவாதலால், அது நாளொன்றுக்கு 2 நிமிஷம் அளவுக்குப் பின்தங்கிவிடும். பூமியின் வடிவத்தைக் கணிக்க லாப்லாஸ் திரட்டிய ஊசல் அளவைகளில் புதுச்சேரியின் அளவையும் இடம்பெற்றது.

அந்த ஊசலின் குண்டு பித்தளையா ஈயமா என்று எவரும் கேட்கவில்லை, கேட்க அவசியமுமில்லை. பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை என ஒன்பது பதார்த்தங்களை ஊசலாக்கிப் பார்த்த நியூட்டன், எல்லாம் ஒரே கதியில் ஆடுவதைக் கண்டிருந்தார். ஐன்ஸ்டீனின் ஈர்ப்புச் சித்தாந்தமே இந்தச் சமத்துவத்தின்மேல் நிற்பதுதான். டைட்டானியமும் பிளாட்டினமும் ஒன்றுபோல் விழுகின்றனவா என்று பிரெஞ்சுச் செயற்கைக்கோளான மைக்ராஸ்கோப் விண்வெளியில் சோதித்தது. பத்துக் கோடி கோடியில் சில பங்கு அளவுக்குக்கூட அதற்கு வேற்றுமை தென்படவில்லை.

ஆனால் இவை யாவும் சாதாரணப் பொருள்கள். டிராக் 1928-இல் வகுத்த சமன்பாட்டிலிருந்து ஊகிக்கப்பட்டு, 1932-இல் ஆண்டர்சன் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைக் கண்டதால் மெய்ப்பட்ட எதிர்ப்பொருளுக்கு நிறை அதேதான், மின்னூட்டம் மட்டும் தலைகீழ். அது கீழே விழுமா, மேலே எழும்புமா? மேலே எழும்பும் என்று பெரும்பாலான விஞ்ஞானிகள் நம்பவில்லையென்றாலும், நம்பிக்கை வேறு, அளவை வேறு அல்லவா? தனி பாசிட்ரானைக் கொண்டு இதை அளப்பது ஏறக்குறைய அசாத்தியம். பக்கத்திலுள்ள உலோகத்தில் கசியும் அற்ப மின்புலமும் ஈர்ப்பைவிடப் பன்மடங்கு வலிதாக அதை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே பாசிட்ரானையும் எதிர்ப்புரோட்டானையும் இணைத்து, மின்னூட்டமற்ற எதிர் ஹைட்ரஜன் அணுவாக்க வேண்டியிருந்தது.

ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃபா குழுவினர் செய்தது இதுதான். ஒரு சாண் அளவே உயரமுள்ள காந்தச் சிறையொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, சுமார் 100 எதிரணுக்களை அதில் அடைத்து, மேலும் கீழுமுள்ள காந்தத் தடைகளை 20 விநாடி நேரத்தில் ஒருசேரத் தளர்த்தினார்கள். தப்பிய அணு சுவரைத் தொட்டதும் அழிந்துபோகும். அந்த அழிவில் சிதறும் துகள்கள் அது வெளியேறிய வாயில் எதுவென்று காட்டிக்கொடுக்கும். சாதாரண ஹைட்ரஜனாயின் ஐந்தில் நான்கு பங்கு கீழ்வாயிலால் போகும். எதிரணுக்களும் பெரும்பாலும் கீழேதான் போயின. 2023 செப்டம்பரில் வெளியான முடிவின்படி, அவற்றின் வீழ்ச்சி வேகவளர்ச்சி வழக்கமான அளவில் 0.75 பங்கு, பிழை வரம்போ அதற்கு இருபுறமும் சுமார் 0.2. ஆகையால் முழுப்பங்கு என்பதற்கும் அது முரணாகாது, மேல்நோக்கி எழும்புகிறது என்பதற்கு மட்டும் இடமே கொடாது.

ஆயிரத்தில் சில பங்கு வித்தியாசத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கடிகாரம் காட்டிவிட, இத்தனை பெரிய யந்திரம் ஐந்தில் ஒரு பங்கில் தடுமாறுவதைப் பரிகசிப்பது நியாயமன்று. கடுங்குளிரூட்டிய நிலையிலும் அந்த அணுக்கள் விநாடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் பாய்கின்றன. ஒரு சாண் தூரத்தில் பூமி அவற்றுக்குத் தரும் இழுப்பு அந்தப் பாய்ச்சலுக்கு முன் மிக அற்பம்.

பாய்ச்சலை அடக்குவதே அடுத்த வேலை. பிரெஞ்சு விஞ்ஞானிகள் முன்னின்று அதே செர்னில் நடத்தும் ஜிபார் சோதனையில், எதிர் ஹைட்ரஜனுக்கு இன்னொரு பாசிட்ரானைச் சேர்த்து மின்னூட்டம் ஏற்றி, லேசரால் குளிர்ந்த பெரிலியம் அயனிகளிடையே அதை அமைதிப்படுத்தி, பின்பு அந்த உபரிப் பாசிட்ரானை லேசரால் உதிர்த்து, அணுவைத் தன்போக்கில் விழவிட உத்தேசம். நூற்றில் ஒரு பங்கு துல்லியம் கிட்டினால் போதும் என்பது அவர்களுடைய முதல் இலக்கு.