சுடர் சொல்லும் கணக்கு

உப்பிட்ட குழம்பு பொங்கி அடுப்பில் வழியும்போது தழல் சட்டென்று மஞ்சளாகப் பளிச்சிடுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அம்மஞ்சள் உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். சிவகாசி மத்தாப்புக்குச் செந்நிறம் தருவது ஸ்ட்ரான்சியம். எந்தத் தனிமத்தின் அணுவும் மிகுந்த வெப்பத்தால் கிளர்ச்சியுற்று மீண்டும் அடங்கும்போது, தனக்கேயுரிய அலைநீளங்களில் மட்டும் ஒளியை உமிழும். ஹைடல்பர்க் நகரில் புன்சனும் கிர்க்காஃபும் இவ்வொளியைப் பிரித்து ஆராய்ந்தே 1860இல் சீசியத்தையும் 1861இல் ருபீடியத்தையும் கண்டறிந்தனர்.

அந்தச் சுடரொளி வாசுதேவநல்லூர் எலுமிச்சைத் தோட்டத்திற்கு எவ்வாறு உதவுகிறது என்பதையே நான் இன்று பேச எடுத்துக்கொண்டேன். மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், புளியங்குடியை அடுத்த இவ்வட்டாரத்தில் எலுமிச்சை பலருக்கு வாழ்வளிக்கும் பயிர். நரம்புகள் பச்சையாயிருக்க இடைப்பகுதி வெளுத்து, தளிர் சிறுத்துவிட்டால், அது துத்தநாகக் குறை என்று அனுபவமுள்ள விவசாயி ஐயுறுவார். ஐயம் நியாயமானதே. எனினும் மாங்கனீசுக் குறையும் இரும்புக் குறையும் ஏறத்தாழ அதே கோலத்தைக் காட்டவல்லவை. கண்ணை மட்டும் நம்பி உரம் வாங்கினால் பணம் வீணாவது ஒருபுறம். மரத்திற்கு வேண்டியது கிடைக்காமலே ஒரு பருவக் காய்ப்பும் போய்விடும்.

ஆகவே மண் ஆய்வுக்கூடத்திற்கு வருகிறது. அங்கே மண்ணிலுள்ள துத்தநாகம் முழுவதையும் அளப்பதில்லை. தாதுத் துகளுக்குள் சிறைப்பட்டிருப்பது வேருக்கு எட்டாதல்லவா? லிண்ட்சே, நார்வெல் என்னும் இருவர் 1978இல் வெளியிட்ட முறைப்படி, 10 கிராம் மண்ணை 20 மில்லிலிட்டர் டிடிபிஏ கரைசலில் இரண்டு மணி நேரம் குலுக்கி வடிகட்டுவர். வேர் பெறக்கூடிய பங்கை ஏறத்தாழ மதிப்பிட இவ்வடிநீர் போதும்.

இனி அதற்கொரு சுடர் வேண்டும். அடுப்புத் தழல் போதாது. குவார்ட்சுக் குழாயில் ஆர்கான் வாயுவைச் செலுத்தி, அதைச் சுற்றிய செப்புச் சுருளில், பல கருவிகளில் விநாடிக்கு 2 கோடியே 71 லட்சத்து 20 ஆயிரம் முறை அலையும் மின்னோட்டத்தைப் பாய்ச்சுகிறார்கள். என் குரலைச் சுமந்து வரும் வானொலி அலைக்கு இது நெருங்கிய உறவு! ஒரு பொறி பட்டதும் ஆர்கான் அயனிகளாகச் சிதைந்து, 6,000 முதல் 10,000 பாகை வெப்பமுள்ள பிளாஸ்மாவாக ஒளிரும். இங்கிலாந்தில் கிரீன்ஃபீல்டும் அமெரிக்காவில் ஃபாசலும் 1964, 1965ஆம் ஆண்டுகளில் இதைத் தனிமங்களை அளக்கும் பணியில் புகுத்தினர்.

வடிநீர் பனிபோலத் தெளிக்கப்பட்டு அச்சுடருக்குள் நுழைகிறது. வெளிவரும் ஒளியை நுண்கோடுகள் கீறிய கீற்றணி அலைநீளவாரியாகப் பிரிக்கிறது. துத்தநாகத்தின் ஒளி 213.86 நானோமீட்டரில் தோன்றும். அது புற ஊதா ஒளியாதலால் நம் கண்ணுக்குப் புலனாகாது. மாங்கனீசு 257.61இல், செம்பு 324.75இல். எல்லாவற்றையும் ஒரே வடிநீரில், சில நிமிடங்களில் அளந்துவிடலாம்.

ஆனால் கருவிக்கு மில்லிகிராம் என்றால் என்னவென்று தெரியாது. அது அறிந்தது ஒளியின் பொலிவு மட்டுமே. எனவே அளவு தெரிந்த கரைசல்களை முதலில் காட்டி, இவ்வளவு பொலிவுக்கு இவ்வளவு துத்தநாகம் என்று கற்பிக்க வேண்டும். மண்ணே சேராத வெறுங்கரைசலையும் உடன் வைத்து அளக்க வேண்டும். இதைச் சோம்பலால் விடும் கூடத்தின் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வடிநீரில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் என்று கருவி காட்டினால், மண்ணில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்றாகும். பரவலாக வழங்கும் எல்லை 0.6; மண்ணையும் பயிரையும் பொறுத்து அது மாறும். அவ்வெல்லைப்படி இம்மண்ணுக்குத் துத்தநாக சல்பேட்டு தேவை. இதே மண்ணை நாகமுலாம் பூசிய இரும்பு வாளியில் அள்ளியிருந்தால்? கிலோவுக்கு அரை மில்லிகிராம் வாளியிலிருந்து ஒட்டினாலே 1.0 ஆகி, ‘குறையில்லை’ என்று அறிக்கை வந்துவிடும். கருவி பொய் சொல்லவில்லை. வாளியைத்தான் அளந்து சொல்லியிருக்கிறது.

சுடருக்குள்ளும் ஒரு சூழ்ச்சி உண்டு. போரான் 249.77இல் ஒளிரும், இரும்பின் ஒரு கோடு 249.78இல் அதை ஒட்டியே நிற்கிறது. செம்மண் தூசி படிந்த இலையைக் கழுவாமல் கரைத்தால், இரும்பின் ஒளியும் போரானின் கணக்கில் ஏறிவிடும். போரான் மிகுந்தால் எலுமிச்சைக்குக் கேடு, குறைந்தாலும் கேடு. தேர்ந்த ஆய்வாளர் 208.96இலுள்ள வேறொரு போரான் கோட்டையும் பார்த்து ஒப்பிடுவார்.

மண் எடுப்பவர் பிளாஸ்டிக் வாளியையும், துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியையோ மரக்குச்சியையோ பயன்படுத்துக. ஒரே குழியில் அள்ளாமல், தோட்டத்தில் பல மரங்களின் கிளைவிளிம்புக்கு நேர்கீழே எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ அனுப்பினால் போதும். அதில் ஆய்வாளர் நிறுத்தெடுப்பது பத்துக் கிராமே.