கட்டித் தழுவும் சகோதரர்கள்

ரொறன்ரோவில் கிறிஸ்தவத் தமிழர் நாம் ஞாயிற்றுக்கிழமையில் நாலு திசையாகப் பிரிகிறோம். கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தேயினர் என்று ஆளுக்கொரு இடம். வேலைத்தலத்தில் ஒன்றாக இருந்து சாப்பிட்டாலும், மற்றச் சபையார் வீட்டுச் செபத்துக்குப் போகத் தயங்குவோர் நம்மில் உண்டு. பெயர்களிலும் பிரிவுதான். நம்மூர்க் கத்தோலிக்கப் பெரியவர்களுக்கு இராயப்பர், பெலவேந்திரர். மற்றவர்களுக்குப் பேதுரு, அந்திரேயா. ஆட்கள் அதே இருவர், கூடப்பிறந்த சகோதரர்.

இந்நகரத்துக் கிரேக்க, உக்ரேனியக் கோயில்களில் திருவுருவப் படங்களைக் காணலாம். மரப்பலகைக்கு வெள்ளைப் பூச்சுப் பூசி, முட்டை மஞ்சட்கருவில் வர்ணப்பொடி குழைத்து, செபத்தோடு வரையும் பழைய முறை அது. வரைந்தவர் பெரும்பாலும் தன் பெயரைப் போடுவதில்லை. படம் சபை முழுவதற்கும் சொந்தம்.

அப்படியொரு படம் பெரிய வேலை செய்தது. 1054இல் உரோமைத் தூதரும் கொன்ஸ்தாந்திநோப்பிள் முதுபிதாவும் ஒருவரையொருவர் சபைக்குப் புறம்பாக்கினர். 1964 சனவரியில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரும் முதுபிதா அத்தெனகோராசும் எருசலேமில் சந்தித்தபோது, முதுபிதா ஒரு படம் பரிசளித்தார். உரோமையின் பேதுருவும் கொன்ஸ்தாந்திநோப்பிளின் அந்திரேயாவும் அதில் கட்டித் தழுவி நிற்கிறார்கள். 1965 டிசம்பர் 7இல் பழைய சாபங்கள் நீக்கப்பட்டன.

இரு சபைகளும் இன்னும் ஒரே நற்கருணையில் பங்குகொள்வதில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

நாமும் அவரவர் கோயிலை விடவேண்டியதில்லை. செத்தவீட்டில் சபை பார்த்தா தோள் கொடுக்கிறோம்? அதே தோளை நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் கொடுப்போம். நேற்று வந்திறங்கிய குடும்பத்திடம் எந்தச் சபை என்று கேட்குமுன், சாப்பிட்டாயிற்றா என்று கேட்போம்.