பழைய நிழற்படங்கள்

திருவண்ணாமலை மாட வீதித் திண்ணைகளில் மாலைதோறும் முதியோர் சிலர் கூடுவர். ஒருவர் பழைய நிழற்படம் ஒன்றைக் கொணர்வாராயின், ஏனையோர் அதனைச் சூழ்ந்துகொள்வர். தொலைக்காட்சியைப் பற்றியும் பேச்செழும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. 1980களில் மறு ஒளிபரப்பு நிலையங்கள் பெருகவே, வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' காணப் பெட்டியுள்ள இல்லத்தில் தெருவே திரண்டது. முதியோர் இன்று மகிழ்வது அந்நிகழ்ச்சியை எண்ணி மட்டுமன்று. உடனிருந்து கண்டவர்களை எண்ணியுமாகும்.

கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியின் நுண்துகள்களால் ஆயது. ஈரமும் வெப்பமும் மிகின் அவ்வெள்ளி கெட்டு உரு மங்கும். வண்ணப் படத்தின் சாயமோ ஒளி பட்டு வெளிறும். காட்சி பதிந்த காந்த நாடாவில் மீண்டும் பதியலாம். ஆதலின் உலகின் பல நிலையங்கள் பழைய காட்சிகளை அழித்துப் புதியன பதிந்தன.

இவ்வூரில் வாழ்ந்த இரமண முனிவர் 1950 ஏப்ரல் 14ஆம் நாள் மறைந்தார். அவர்தம் இறுதி நாள்களில் பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே-பிரெசோன் எடுத்த படங்கள் இன்றும் உள. எவர், எங்கு, எப்போது என்பது தெரிதலின் அவை வரலாற்றுச் சான்றாயின. என் பள்ளிப் படத்திலோ பின்வரிசையில் நிற்கும் மூவரின் பெயர் கூறுவார் இன்று ஒருவரும் இலர். உருவம் எஞ்சியது, பெயர் மறைந்தது.

மாணவர்களே! உங்கள் இல்லத்துப் படங்களை ஈரமும் வெயிலும் படாது காமின். பாட்டனார், பாட்டியாரிடம் கேட்டு, ஒவ்வொன்றன் பின்புறத்தும் பெயரும் ஆண்டும் மென்மையாகப் பென்சிலால் எழுதுமின். அவர்கள் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.